ஜெர்மனிக்குப் போய் நல்ல பிள்ளையான கெட்ட வார்த்தை

2018 டிசம்பர் தொடக்கத்தில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் அரசின் டிஜிட்டல் மாநாடு நடந்தது. மேடையில் அங்கேலா மெர்க்கல். அப்போது அவர் 13 ஆண்டுகளாகச் சான்சலர், அதாவது அரசின் தலைவர். லுத்தரன் பாதிரியார் ஒருவரின் மகள், வார்த்தையை அளந்து பேசுவதற்குப் பேர்போனவர். இணையத்தைப் பற்றி 2013இல் தான் சொன்ன ஒரு வாக்கியத்தை அவரே நினைவுபடுத்தினார். அதற்காகத் தனக்கு ஒரு பெரிய ஷிட்ஸ்டோர்ம் வந்து சேர்ந்தது என்றார்.

ஜெர்மன்காரர்களுக்கு இதில் செய்தி எதுவும் இல்லை. ஆங்கில ஊடகங்களுக்கு இருந்தது. ஒரு நாட்டின் தலைவர் அரசு மேடையில் நின்று, தங்கள் செய்தி வாசிப்பாளர் வாயில் வரக்கூடாத ஒரு சொல்லைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறாரே என்று அவர்களுக்குத் திகைப்பு. விளக்கக் கட்டுரைகள் வந்தன. மெர்க்கல் ஆங்கிலம் தெரியாமல் உளறவில்லை. சுத்தமான ஜெர்மனில்தான் பேசினார்.

இந்த ஆய்வு அந்த ஒரு சொல்லைப் பற்றியது. ஓர் ஆங்கிலச் சொல் இணையம் வழியாக இன்னொரு மொழிக்குள் போகும்போது எதைக் கொண்டுபோகிறது, எதை வாசலிலேயே கழற்றிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் துப்புரவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. ('துப்புரவான' என்பது இங்கே கொஞ்சம் இடிக்கிறது, தெரியும்.)

ஊரில் ஒரு பொருள், வெளியூரில் ஒரு பொருள்

ஆங்கிலத்தில் இது பழைய கொச்சைச் சொல், இணையத்துக்கு முந்தையது. எல்லாம் ஒரேயடியாகச் சொதப்பி நாலாபக்கமும் நாறுகிற நிலைமைக்கு அந்தப் பேர். ஆபீசில் சர்வர் விழுந்து, வாடிக்கையாளர் போனில் கத்தி, சரிசெய்யத் தெரிந்த ஒரே ஆள் லீவில் இருந்தால், அது அதுதான். அங்கே இணையம் வேண்டும் என்பதில்லை. யாரும் யாரையும் திட்டவேண்டும் என்பதும் இல்லை.

தமிழில் அப்படியே எழுதினால் 'பீப்புயல்'. 'மலப்புயல்' என்று எழுதினால் சுகாதாரத் துறையின் எச்சரிக்கை மாதிரி ஆகிவிடும். இரண்டையும் எந்தத் தமிழ் நாளிதழும் தலைப்பில் போடாது. ஜெர்மன் மொழியிலும் இதே நிலைதான். முதல் பாதியை உள்ளூர்ச் சொல்லாக்கி, 'ஷைஸ' என்று தொடங்கி மெர்க்கல் பேசியிருந்தால் அன்று ஜெர்மனியே அதிர்ந்திருக்கும்.

ஜெர்மனுக்குள் போன சொல் குறிப்பது ஒன்றே ஒன்றைத்தான். ஓர் ஆளையோ கம்பெனியையோ கட்சியையோ குறிவைத்து, இணையத்தில் சில மணி நேரத்துக்குள் குவியும் கண்டனமும் வசவும். டூடன் அகராதி இதற்குத் தரும் விளக்கத்தைத் தமிழில் சொன்னால், இணையத் தொடர்பு ஊடகம் ஒன்றில் எழும் சீற்றப் புயல், ஓரளவு அவமதிப்புப் பேச்சுகளோடு சேர்ந்து வருவது. சர்வர் விழுந்தால் ஜெர்மன்காரர் ஷிட்ஸ்டோர்ம் என்று சொல்லமாட்டார். சர்வர் விழுந்ததற்காக ஐயாயிரம் பேர் வந்து கம்பெனியின் பக்கத்தில் திட்டினால் சொல்வார்.

ஆக, அகலமான சொல் ஒன்று குறுகலாகிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கடன்சொற்களில் இது அபூர்வம் இல்லை. சொந்த ஊரில் பத்து வேலை செய்தவரை வெளியூரில் ஒரே வேலைக்குத்தானே எடுத்துக்கொள்கிறார்கள்.

வந்த வழி

பெர்லினில் ஆண்டுதோறும் ரீபப்ளிகா என்ற இணைய மாநாடு நடக்கும். 2010 ஏப்ரலில் அங்கே சாஷா லோபோ ஓர் உரை நிகழ்த்தினார். தலையில் சிவப்பு மோஹாக்கோடு (நடுவில் மட்டும் நிமிர்ந்து நிற்கும் முடி) ஜெர்மன் தொலைக்காட்சியில் அடிக்கடி தென்படும் இணைய எழுத்தாளர் அவர். அதற்கு முந்தைய ஆண்டு ஒரு செல்போன் நிறுவனத்தின் விளம்பரத்தில் தோன்றியதற்காக வலைப்பதிவர்கள் அவரை வறுத்தெடுத்திருந்தார்கள். உரையின் தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தது: ஷிட்ஸ்டோர்மில் பிழைத்துக்கொள்வது எப்படி. சொல்லை ஜெர்மன் காதுகளில் போட்டதில் அந்த உரைக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே ஆண்டு மார்ச்சில் நெஸ்லே மாட்டிக்கொண்டது. கிட்கேட் மிட்டாய்க்கு வாங்கும் பாமாயிலுக்காக இந்தோனேசியக் காடுகள் அழிகின்றன என்று சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் ஒரு காணொளி வெளியிட்டது. அலுவலக ஊழியர் ஒருவர் மிட்டாய் உறையைப் பிரித்துக் கடிக்கிறார். கடிபடுவது ஓராங்குட்டானின் விரல். காப்புரிமையைக் காட்டிக் காணொளியை நீக்கச் சொன்னது நெஸ்லே. பார்க்காதவர்களும் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்தை நடத்தியவர் வந்தவர்களிடம் வெடுக்கென்று பதில் எழுதியது எரிகிற நெருப்பில் எண்ணெய். (பாமாயில் என்றே வைத்துக்கொள்ளலாம்.)

ஆனால் சொல்லை வீட்டு வரவேற்பறைக்குள் கொண்டுபோனது, என் கணிப்பில், ஒரு துண்டு இறைச்சி.

ஜெர்மனியில் கசாப்புக் கடைக்கு அம்மாவோடு வரும் குழந்தைக்கு ஒரு துண்டு வுர்ஸ்ட், அதாவது சாசேஜ், சும்மா நீட்டுவது பழைய வழக்கம். நம்மூர் மளிகைக் கடையில் பிள்ளையின் கையில் நாலு பொட்டுக்கடலை வைப்பது மாதிரி. கூடைப்பந்து வீரர் டிர்க் நோவிட்ஸ்கி நடித்த ஒரு வங்கி விளம்பரம் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது. நோவிட்ஸ்கியின் உயரம் 2.13 மீட்டர். 2011இல் டல்லாஸ் அணிக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்து நாடே கொண்டாடிய ஆள். கடைக்குள் வருகிறார். கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் அம்மா அவருக்கு ஒரு துண்டு நீட்டுகிறார். சின்ன வயதில் என்ன சொல்லுவோம் என்று கேட்கிறார். பெரிசா, பலசாலியா வளரணும்னு என்கிறார் அந்த இரண்டு மீட்டர்க்காரர். அவ்வளவுதான் விளம்பரம்.

2012 ஜனவரியில் ஐஎன்ஜி-டிபா வங்கியின் ஃபேஸ்புக் பக்கத்துக்குச் சைவ உணவுக்காரர்களும், பால் முட்டைகூடத் தொடாத வீகன்களும் திரண்டு வந்தார்கள். இறைச்சி தின்பதை எப்படி விளம்பரப்படுத்தலாம் என்று கேட்டார்கள். இறைச்சி தின்பவர்கள் பதிலுக்கு வந்தார்கள். ஒரு வங்கியின் பக்கத்தில் வட்டியைப் பற்றிப் பேசாமல் பன்றியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். வங்கி எதையும் அழித்து ஒளிக்காமல் கிட்டத்தட்ட இரண்டு வாரம் சண்டையை ஓடவிட்டது, பிறகு போதும் என்று முடித்துவைத்தது. பத்திரிகைகள் இதற்கு வைத்த பெயர் ஷிட்ஸ்டோர்ம். வுர்ஸ்ட் சண்டை என்பதால் இணையம் பக்கமே போகாத தாத்தாவுக்கும் கதை புரிந்தது. கதையோடு சொல்லும் போய்ச் சேர்ந்தது.

அதே 2012இல் சுவிட்சர்லாந்தில் இருவர், கடற்காற்றை அளக்கும் போஃபோர்ட் அளவுகோலைப் பார்த்து ஷிட்ஸ்டோர்முக்கும் ஓர் அளவுகோல் செய்தார்கள். சுழியில் காற்றே இல்லை, 6இல் சூறாவளி. பாதி கிண்டல், பாதி நிஜம். கம்பெனிகளின் விளம்பரப் பிரிவினர் அதை நிஜமாகவே கையில் எடுத்துக்கொண்டார்கள்.

இலக்கணம் கேட்ட கேள்விகள்

வெளியூர்ச் சொல் ஒன்று குடியேறிவிட்டதா என்று பார்க்க இலக்கணத்தைத்தான் கேட்கவேண்டும். ரேஷன் கார்டு மாதிரி அது. ஜெர்மன் மொழி பெயர்ச்சொல்லிடம் முதலில் கேட்பது, நீ ஆணா, பெண்ணா, இரண்டும் இல்லையா? உயிரற்ற பொருளுக்கும் இந்தக் கேள்வி உண்டு. பல கடன்சொற்கள் இங்கே தடுமாறும். மின்னஞ்சலைக் குறிக்கும் 'இமெயில்' ஜெர்மனியின் பெரும்பகுதியில் பெண்பால், ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் இரண்டும் இல்லாத பாலாகவும் வரும். சாப்பாட்டு மேசையில் இன்றும் சண்டை போடலாம்.

ஷிட்ஸ்டோர்முக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. ஆண்பால். காரணம் எளிது. புயலுக்கு ஜெர்மனில் 'ஷ்டுர்ம்', அது ஆண்பால். ஆங்கில 'ஸ்டார்ம்' அதன் ஒன்றுவிட்ட தம்பி. அண்ணனுக்கு உள்ள அட்டையைத் தம்பிக்கும் கொடுத்துவிட்டார்கள். பன்மைக்கும் ஆறாம் வேற்றுமைக்கும் ஒரு 'ஸ்' ஒட்டினால் போதும். இரண்டு பெயரை ஒட்டி ஒரு பெயராக்குவது ஜெர்மனுக்குத் தினசரி வேலை என்பதால், சொல்லின் உருவமும் அந்நியமாகத் தெரியவில்லை.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகத் தெரிவது சொல்லோடு கூட நடக்கும் வினைகள். ஷிட்ஸ்டோர்ம் ஒருவர்மேல் 'வந்து கவிகிறது'. ஒருவர் அதைக் 'கிளப்பிவிடுகிறார்'. எல்லாவற்றையும்விட, ஒருவர் அதை 'அறுவடை செய்கிறார்'. ஜெர்மன் செய்தித்தாளில் அமைச்சர் உளறினார், ஷிட்ஸ்டோர்மை அறுத்தார் என்ற அமைப்பில் வாக்கியம் வெகு சாதாரணம். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லோடு அறுவடை சேராது.

பிறகு ஜெர்மனில் மட்டும் எங்கிருந்து வந்தது? விவிலியத்திலிருந்து பழமொழியாகிப்போன ஒரு வரி உண்டு: காற்றை விதைப்பவன் புயலை அறுப்பான். நம் 'வினை விதைத்தவன் வினை அறுப்பான்' மாதிரி. புயலை அறுப்பது என்ற பேச்சு அங்கே நூற்றாண்டுகளாகத் தயாராக இருந்தது. கண்டனத்தைச் 'சீற்றப் புயல்' என்பதும் அங்கே பழைய வழக்கு. புதிய சொல் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

கடன்சொல் என்றால் வெற்றிடத்தை நிரப்ப வருவது என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தச் சொல்லைப் பார்த்தபிறகு எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். வெற்றிடம் இருந்தால் மட்டும் போதாது. அந்த இடத்தைச் சுற்றி உள்ளூர்ப் பேச்சு ஏற்கெனவே கோலம் போட்டு வைத்திருக்கவேண்டும்.

முத்திரைகள்

ஜெர்மனியில் மொழியியலாளர்கள் சிலர் கூடி 'ஆண்டின் ஆங்கிலச் சொல்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். 2010இல் தொடங்கியது. மொழியியலாளர் அனடோல் ஷ்டெஃபானோவிட்ஷ் முன்னின்று நடத்திய முயற்சி. திட்டுவதற்கான பட்டியல் அல்ல, ஜெர்மனுக்கு உபயோகமான சொல்லைப் பாராட்டும் தேர்வு. 2010க்கு 'லீக்கன்', அதாவது ரகசியத்தைக் கசியவிடுதல். 2011க்கு ஷிட்ஸ்டோர்ம். சாதாரண விமர்சனத்திலிருந்து வேறான புதுவகை எதிர்ப்பு ஒன்று உருவாகியிருக்கிறது, அதற்கு ஜெர்மனில் பெயர் இல்லாமல் இருந்தது என்பது நடுவர்கள் சொன்ன காரணம். சுவிட்சர்லாந்தில் 2012க்கான ஆண்டின் சொல்லும் இதுவே.

2013 ஜூலையில் டூடனின் 26ஆம் பதிப்பு வந்தது. 1,40,000 தலைச்சொற்கள், அவற்றில் 5,000 புதியவை. ஷிட்ஸ்டோர்மும் உள்ளே. நட்சத்திரக் குறி போட்டு எழுத்தை மறைக்கும் வழக்கமெல்லாம் அங்கே இல்லை. ஜெர்மன் மொழிச் சங்கம் என்று 1997இல் தொடங்கிய ஓர் அமைப்பு, ஆங்கிலக் கலப்பை எதிர்ப்பதையே முழுநேர வேலையாகக் கொண்டது. ஆண்டுதோறும் 'மொழிக் கலப்படக்காரர்' என்று ஒருவருக்குப் பட்டம் சூட்டும், பாலில் தண்ணீர் கலப்பவரைச் சொல்வதுபோல. 2013இல் அந்தப் பட்டத்தை வாங்கியது டூடனேதான்.

தனித்தமிழ்ச் சண்டைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் எந்தத் தரப்பும் புதிதாகத் தெரியவில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. டூடன் அரசு நிறுவனம் அல்ல, பதிப்பகம். மக்கள் எழுதுவதைப் பதிந்துவைக்கும். பிரான்சில் அரசே ஆணையம் வைத்துச் சொல் படைத்து அரசிதழில் வெளியிடுகிறது. 2003இல் இமெயிலுக்குப் பதிலாகக் 'கூரியெல்', 2013 ஜனவரியில் ஹேஷ்டேகுக்குப் பதிலாக 'மோ தியேஸ்'. இரண்டாவதைப் பிரெஞ்சு இணையவாசிகள் சிரித்தே ஓரங்கட்டினார்கள்.

நாற்றம் எங்கே போனது?

வழக்கின் மையக் கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன்.

வீட்டில் கல்லூரி போகும் பேத்தி செல்போனைத் தரையில் போட்டுவிட்டு 'ஷிட்!' என்கிறாள். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் பாட்டி நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அதே பேத்தி அதையே தமிழில் சொல்லியிருந்தால்? பாக்குவெட்டி பறந்திருக்கும். பேத்தியே சொல்லமாட்டாள், வாய் வராது. இங்கிலீஷ் தெரியாத பாட்டிக்குச் சொல் வெறும் ஓசை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பேத்திக்கும் அது உறைப்பதில்லையே.

மடியில் இருந்தபோது கேட்ட வசவு உடம்பில் உறைக்கும். பள்ளிக்கூடத்திலும் சினிமாவிலும் பின்னால் கற்ற மொழியின் வசவுக்கு அந்த உறைப்பு வருவதில்லை. இருமொழியாளர்களை ஆராய்ந்தவர்களும் இதையே பதிந்திருக்கிறார்கள். ஒரு சொல்லின் அழுக்கு அதன் எழுத்தில் இல்லை. அதைச் சொன்னதற்காக யாரிடம் எப்போது அடி வாங்கினோம் என்ற நினைவில் இருக்கிறது. அந்த நினைவு எல்லை தாண்டுவதில்லை. ஆகவேதான் ஜெர்மன் தொலைக்காட்சியில் மாலைச் செய்தி வாசிப்பவர், வானிலை சொல்லும் அதே முகத்தோடு ஷிட்ஸ்டோர்மையும் சொல்ல முடிகிறது.

முழுக்க நாற்றம் போய்விட்டதா என்றால், இல்லை, கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சம்தான் சொல்லை வாழவைத்தது. 'சீற்ற அலை' என்ற ஜெர்மன் சொல் கையிலேயே இருந்தது. அது ஏன் தோற்றது? சீற்றம் என்பது நியாயவானுக்கு வருவது. கண்ணகிக்கு வந்தது சீற்றம். முகம் தெரியாத ஆயிரம் பேர் எழுத்துப்பிழையோடு வந்து கொட்டிவிட்டுப் போவதற்கு அந்தக் கம்பீரமான சொல் பொருந்தவில்லை. கொஞ்சம் அசிங்கம் தொனிக்கவேண்டும், ஆனால் மேடையிலும் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். உள்ளூர்ச் சொல் எதுவும் இரண்டையும் சேர்த்துத் தராது. வெளியூர்க் கெட்ட வார்த்தை தரும்.

இதில் ஒரு வில்லங்கமும் சேர்ந்தே வந்தது. யார் சொல்லுகிறார்கள் என்று பாருங்கள். திட்டு வாங்கியவர்கள். 'எங்கள்மேல் ஷிட்ஸ்டோர்ம் வந்தது' என்று ஒரு கம்பெனி சொன்னவுடனேயே, வந்ததெல்லாம் அழுக்கு என்றாகிவிடுகிறது. நெஸ்லே கதையை மறுபடி எடுத்துக்கொள்வோம். காணொளி வந்த இரண்டே மாதத்தில், 2010 மே மாதம், காட்டை அழித்து வரும் பாமாயிலை விலக்குவதாக அந்த நிறுவனம் உறுதி கொடுத்தது. அப்படியென்றால் அந்தப் பக்கத்தில் குவிந்தது அழுக்கா, கோரிக்கையா? மெர்க்கல் வாங்கியதும் அப்படித்தான். 2013 ஜூன் 19 அன்று ஒபாமா பெர்லினுக்கு வந்திருந்தார். ஸ்னோடென் வெளியிட்ட அமெரிக்கக் கண்காணிப்பு விவரங்கள் கொதித்துக்கொண்டிருந்த நேரம். அதைப் பற்றிய கேள்விக்கு மெர்க்கல், இணையம் நம் எல்லோருக்கும் புது நிலம் என்றார். இருபது ஆண்டுகளாக அந்த நிலத்தில் குடியிருந்தவர்கள் சிரித்துத் தீர்த்தார்கள். அது பெரும்பாலும் கேலி, கொஞ்சம் கோபம். ஐந்து ஆண்டு கழித்து அவரே அதற்கு வைத்த பெயரில் கேலியும் காணோம், கோபத்தின் காரணமும் காணோம்.

மற்ற ஊர்களில்

ஜப்பானியர் இதே நிகழ்வுக்குக் கடன் வாங்கவே இல்லை. 'என்ஜோ' என்கிறார்கள், தீப்பற்றி எரிதல். கோட்டையோ கோயிலோ எரிந்தால் சொல்லும் பழைய சொல். பிரெஞ்சுக்காரர்கள் கதை வேடிக்கை. அவர்கள் 'பேட் பஸ்' (bad buzz, கெட்ட பரபரப்பு) என்கிறார்கள். இரண்டுமே ஆங்கிலச் சொற்கள், சேர்த்துப் போட்டது பிரான்சில். லண்டன்காரரிடம் சொன்னால் பேருந்துச் சேவையைக் குறை சொல்வதாக நினைக்கக்கூடும். ஜெர்மன்காரர்கள் செல்போனை 'ஹேண்டி' என்பதும் புரொஜெக்டரை 'பீமர்' என்பதும் இதே ரகம்.

தமிழில் நமக்கு வாய்த்தது 'ட்ரோல்'. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் ஓர் ஆள், வேண்டுமென்றே வம்பிழுத்து எல்லோரையும் கடுப்பேற்றுபவர். தமிழுக்கு வந்ததும் அது ஒரு செயல், அதுவும் கும்பலாகச் செய்யும் கேலி. 'அந்தப் படத்த செமயா ட்ரோல் பண்ணிட்டாங்க' என்றால் யாரும் வம்பிழுக்கவில்லை, மீம் போட்டுக் கலாய்த்தார்கள் என்று பொருள். ஜெர்மன் சொல்லில் வசவு மேலே மிதக்கிறது. நம் சொல்லில் சிரிப்பு மிதக்கிறது. வடிவேலு முகம் இல்லாமல் நமக்குக் கண்டனம்கூட வராது. தலைப்புக்கு வேண்டியதை நாளிதழ்கள் அடுப்படியிலிருந்து எடுத்துக்கொண்டன: 'வறுத்தெடுக்கும் நெட்டிசன்கள்'. இதில் 'நெட்டிசன்' இருக்கிறதே, ஆங்கிலேயர்களே அதை ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். நாம் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

ஜோடி சேர்ந்த சொல்

2012 நவம்பரில் ஜெர்மன் பசுமைக் கட்சியின் தலைவர் கிளவுடியா ரோட், தேர்தலுக்கு முன்னிறுத்தும் வேட்பாளருக்கான உட்கட்சி வாக்கெடுப்பில் மோசமாகத் தோற்றார். கட்சித் தலைமைக்கு மறுபடி நிற்பதா என்றே யோசனையில் விழுந்தார். அவருடைய சகா ஃபோல்கர் பெக் ட்விட்டரில் ஓர் அழைப்பு விடுத்தார். கிளவுடியாவுக்கு ஒரு 'கேண்டிஸ்டோர்ம்' அனுப்புவோம் என்றார். மிட்டாய்ப் புயல். பாராட்டும் ஆறுதலும் வந்து குவிந்தன. ரோட் நின்றார், அந்த மாதமே ஹனோவரில் கூடிய கட்சி மாநாட்டில் 88 சதவீதத்துக்கு மேல் வாக்குகளோடு மறுபடி தலைவரானார்.

அழுக்கு இறங்கும்போது ஒரு சொல், அன்பு இறங்கும்போது ஒரு சொல். இரண்டுக்கும் துணி இங்கிலீஷ், தையல் பெர்லின். அந்த இரண்டாவது சொல்லைச் செய்தியில் பார்க்கும் ஆங்கிலேயருக்கு, எங்கோ தீபாவளிக்குச் சர்க்கரை விலை இறங்கியிருக்கிறது என்றுதான் தோன்றும்.